வேட்டியில் சங்கிலி மசி

நர்ஸ் வெனிலா எழுதிக்கொண்டிருந்த படிவத்தின்படி கண்ணையனால் எதுவும் முடியாது. வயது எழுபத்தேழு. ஊர் காணை. கழுத்தில் நெறிகட்டிப் புற்றுநோய். முழு கீமோ தாங்கினால் குணமாகக்கூடிய வகை. தாங்குவாரா என்பதைப் பார்க்கத்தான் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்த முதியோர் மதிப்பீட்டைக் கேட்டிருந்தார். தேறாவிட்டால் வலிக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

பதில் சொன்னதெல்லாம் மகன் செல்வகுமார்.

“குளிக்கிறது?”

“நாங்கதாங்க தண்ணி காய வச்சி ஊத்துவோம்.”

“கடை கண்ணிக்கு?”

“அவரு எதுக்குங்க போவணும்? ரெண்டு புள்ளைங்க இருக்கோம்ல.”

“வெளியூரு?”

“தனியா வுட்டா ஊரு காறித் துப்பாதா, சிஸ்டர்?”

கண்ணையன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் வேட்டியின் கீழ் ஓரத்தில் கறுப்பாகச் சைக்கிள் சங்கிலியின் மசி. புதுக்கறை. வெனிலா பேனாவை மூடினாள்.

“அண்ணே, கொஞ்சம் வெளிய இருங்க.”

“அவருக்குக் காது...”

“நான் கத்திக்கிறேன். போங்க.”

கதவு சாத்தியதும் கேட்டாள். “சைக்கிள் யாருங்கய்யா ஓட்டுறது?”

“நான்தாம்மா. காலைல கழனிக்கு. சனிக்கெழமன்னா பஸ் மாறித் திண்டிவனம் போயி, மவ வூட்டுல கழனில புடுங்குன மல்லாட்டை குடுத்துட்டு வந்துருவேன்.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“புள்ள பெருமையா பேசிக்கினு இருக்கான். நாலு பேரு எதுர்ல அவன் மானத்த வாங்கவா?”

நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொன்னாள். ஒன்பது விநாடி; பன்னிரண்டுக்குள் முடித்தாலே தேறியதுதான். நினைவில் வைக்கச் சொன்ன மூன்று சொற்களும் கேட்டபோது வந்தன. எடை மட்டும் நான்கு கிலோ இறங்கியிருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினாள். மகன் சொன்னவற்றைக் குறுக்கே அடித்து, சைக்கிளையும் பஸ்ஸையும் எழுதினாள்.

டாக்டர் அதை மகன் எதிரிலேயே வாசித்துவிட்டு, “சாப்பாட்டைக் கவனிக்கணும். முழு கீமோ, திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம்” என்றார்.

வாசலில் செல்வகுமார் வெனிலாவை மறித்தான். “பஸ்ஸுல போறதெல்லாமா எழுதினீங்க? புள்ளைங்க கவனிக்கலன்னு ஆவாதா?”

“நீங்க சொன்னதயே வச்சிருந்தா வலி மாத்திரையோட போயிருப்பாரு. எது பரவால்ல?”

கண்ணையன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“டேய், திங்கக்கெழம நீ கூட வா. மருந்து ஏத்திக்கினு பஸ்ஸுல தனியா வர முடியுமோ என்னமோ. அப்பக் கவனிச்சிக்க.”