பிளாட்பாரம் ஏன் தள்ளி இருக்கிறது

ஸ்டேஷனை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் டிக்கெட் அக்காவின் கண்முன் வந்தது ரயில் அல்ல, ஓரகத்தியின் அடுக்களை. டிக்கெட் கொடுக்கும் வேலையோடு, ஸ்டேஷனை ஒட்டி ஓர் அறையும் சமையலறையும் அவளுக்குக் கிடைத்திருந்தன. அவை போனால் புருஷனோடு நகரத்துக் கூட்டுக் குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். அங்கே உப்பு டப்பாவைத் தொடக்கூட ஓரகத்தியிடம் உத்தரவு வாங்க வேண்டும்.

மூடுவதற்கு முன் விவரம் எழுதிப்போக ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. இந்த ஸ்டேஷனை எதற்காகத் திறந்தார்கள் என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுத வேண்டுமாம்; அறிக்கை போகாமல் பூட்டுப் போட மாட்டார்களாம். பழைய காகிதங்களைக் கரையான் தின்றுவிட்டதால் ஊரில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அக்காவுக்குப் பொறி தட்டியது. காரணம் பெரிதாக இருந்தால் மூடுவதற்குக் கை கூசாதா?

உண்மைக் காரணம் அவளுக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். வெளியில் சொன்னால் ஊர் மானம் கப்பலேறும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஒரு மந்திரியை அவளே உண்டாக்கினாள். முன்னொரு காலத்தில் இந்தப் பக்கம் போன மந்திரி, ஊர் ஜனங்களின் அன்பில் சொக்கிப்போய், இங்கே ரயில் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவ்வளவுதான் கதை. அதற்குச் சாட்சி சொல்ல எதிர்க்கடைத் தையல்காரரையும் ரயில்வே கேட்டடிச் சலூன்காரரையும் கூப்பிட்டுப் பாடம் நடத்தினாள். சலூன்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“எங்கப்பா பேரு ஒரு எடத்துலயாவது வர வேணாமாம்மா?”

“வந்தா உங்க கடை வாசல்ல ரயில் நிக்காது. பரவாயில்லையா?”

அவர் அடங்கினார்.

அதிகாரி காலை ரயிலில் வந்து இறங்கினார். குடையும் கையுமாக, சாந்தமான மனிதராகத்தான் இருந்தார். அவரை உட்கார வைத்து, மந்திரி இங்கே இறங்கினார் என்று தையல்காரர் பக்குவமாக ஆரம்பித்தார். இறங்கியது மட்டுமா, ரெண்டு நாள் தங்கினார் என்றார் சலூன்காரர். தையல்காரருக்குப் பொறுக்கவில்லை, தங்கியபோது மந்திரியின் கோட்டுப் பொத்தான் அறுந்துவிட்டதென்றும் தன் தாத்தாதான் தைத்துக் கொடுத்தாரென்றும் ஒரு போடு போட்டார். சலூன்காரர் உடனே மந்திரியின் சம்சாரத்தையும் வரவழைத்துவிட்டார்.

எந்த மந்திரி என்று அதிகாரி கேட்டார். இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா மின்விசிறியைப் பார்த்தாள்.

அதிகாரி எழுந்து வெளியே வந்தார். தெரு வந்து முடிகிற இடத்தில் ரயில்வே கேட். கேட்டை ஒட்டிச் சலூன். பிளாட்பாரமோ அதற்கு வெகு பின்னால், முள்ளும் புதருமான இடத்தில் தொடங்கி, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீண்டது.

“ஸ்டேஷன் கட்டுறவன் தெருவுக்கு நேரா கட்டுவான். இதை எதுக்கு இப்படித் தள்ளிக் கட்டியிருக்காங்க? அதுவும் மந்திரி சொன்னதா?”

தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தன் மணிக்கட்டையே அளந்து பார்த்தார். இனி மழுப்பிப் பயனில்லை என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எப்படியும் அடுக்களைதான், பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் என்ற பெயரோடு எதற்குப் போக வேண்டும்? நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

முதலில் இங்கே ரயில் நிற்கவே நிற்காது. காலை ரயிலின் டிரைவர் விடிவதற்குள் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர். முகச்சவரத்துக்கு நேரம் கிடைக்காது. சலூன்காரரின் அப்பா கேட்டடியில் கடை போட்டதும் டிரைவருக்கு வசதியாகிவிட்டது. எஞ்சினைச் சரியாகக் கடைக்கு நேரே நிறுத்துவார்; இறங்கிப் போய்க் கன்னத்தைக் கொடுப்பார். சும்மா நிற்கிற ரயிலை விடுவானேன் என்று ஊர்க்காரர்கள் பின்பெட்டிகளில் ஏறி வேலைக்குப் போய்வந்தார்கள். வருஷக் கணக்கில் இது நடந்த பிறகுதான் இலாகாவுக்கு மூக்கில் வியர்த்தது. டிரைவரைத் தண்டித்தால், இத்தனை காலம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேள்வி வரும். அதனால், பெட்டிகள் எங்கே நின்றனவோ அங்கேயே சத்தமில்லாமல் ஒரு பிளாட்பாரத்தைக் கட்டிவிட்டார்கள்.

“எங்கப்பா கைராசி சார்,” என்றார் சலூன்காரர், நெஞ்சை நிமிர்த்தி.

அதிகாரி பேனாவைத் திறந்தார். ‘இந்நிலையம் திறக்கப்பட்ட காரணம்’ என்று எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. சவரம் என்று எழுதி, இலாகா பூசி மெழுகியது என்றும் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு, மேலதிகாரி மேஜையில் கொண்டுபோய் வைப்பதை நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. முகம் வெளிறிவிட்டது. தையல்காரர் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த மந்திரி… அவரைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்.”

தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“அது பொய் சார். அரசாங்கக் காகிதத்துல பொய் எழுதக் கூடாது. நான் சொன்னதை அப்படியே எழுதுங்க, சாட்சிக் கையெழுத்து நாங்க மூணு பேரும் போடுறோம்.”

கையெழுத்துப் போடச் சலூன்காரர் அப்போதே கையைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். குடையைத் தேடி எடுத்தார். “அவசரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் பார்த்துக்கலாம்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த ரயிலுக்காகப் புதர்ப் பக்கம் நடந்தார்.

அக்கா கவுண்டரைத் திறந்தாள். அந்த இலாகாவின் ‘அப்புறம்’ எவ்வளவு நீளமானது என்பது அவளுக்குத் தெரியும். அவள் கேட்ட கூரை ரிப்பேர் இன்னும் அதில்தான் இருந்தது.