அந்தோணியார் ஏறிய பிக்கப்

எட்மண்டுக்குக் கடவுளோடு சண்டை எதுவும் இல்லை, போக்குவரத்துதான் குறைவு. நேர்ந்துகொண்டது அவர் மனைவி அகதா. மகள் ஜோஆனுக்கு ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை எலெய்ன், ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பது நாள் கிடந்தாள். "பிள்ளை பொழைச்சா, தோட்டத்துக் கோயில் திருநாளுக்கு அந்தோணியார நம்ம வண்டியிலேயே ஏத்திட்டுப் போறேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அகதா வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பொறுப்பு எட்மண்டின் பிக்கப் தலையில் விழுந்தது.

அந்த பெட்ரோல் பிக்கப்புக்கு இருபத்தைந்து வயது. விரட்டினால் ஓடும். மெதுவாக விட்டாலோ விக்கும், உதறும், நின்றே போகும். பவனியோ ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடக்கிறவர்களின் வேகத்தில் போக வேண்டியது. செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் அந்தோணியார் சிலையை ஏற்றிக்கொண்டு வண்டி நின்றுவிட்டால், அகதா ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். கோயில் கமிட்டித் தலைவர் புனிதனின் லாரி சும்மாதான் நிற்கிறது, கேட்டால் தருவார். ஆனால் அகதா வேண்டிக்கொண்டது 'நம்ம வண்டி'. அதில் பேரம் பேச முடியாது.

தான் வேலை பார்க்கும் சுங்கை காடுட் தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வரும்போதே, மாற்றினால் மெதுவாகவும் ஓடும் என்று எட்மண்ட் நாலு புது ஸ்பார்க் பிளக் வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானம், மம்பாவில் உள்ள வீட்டு வாசலில் வண்டியின் பின்பக்கம் அகதாவும் பக்கத்து வீட்டு ரோகினியும் சப்பரம் ஜோடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் பானட்டைத் தூக்கிவிட்டு இவர் வேலையை ஆரம்பித்தார்.

ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு வயர். நாலும் ஒரே நிறம், ஒரே நீளம்; மறுமுனை, மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் செருகியிருக்கும். எந்த வயர் எந்த பிளக்குக்கு என்பது மாறினால் வண்டி கிளம்பாது. விவரம் தெரிந்தவன் ஒன்றைக் கழற்றி மாற்றிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவான். எட்மண்டுக்கு அந்தப் பொறுமை ஏது? நாலையும் ஒரேயடியாகப் பிடுங்கினார். ஆனால் அடையாளம் வைத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அகதாவின் ஜோடனைக் கட்டிலிருந்து அவளுக்குத் தெரியாமல் நாலு ரிப்பன் வெட்டி, முன்னிருந்து பின்னாக வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வயர் நுனிகளில் கட்டிவிட்டார். தன் மூளையை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டார்.

பழைய பிளக்குகள் கரி பிடித்துக் கிடந்தன. புதியதைக் கையாலேயே சுற்றி இறக்கி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் வைத்து இறுக்கினார். நாலும் பிசகாமல் உட்கார்ந்தன. அந்த நேரம் பார்த்து ஜோஆன் சாப்பிடக் கூப்பிட்டாள். வயர் மாட்டுவது ரெண்டு நிமிஷ வேலை என்று உள்ளே போனார்.

திரும்பி வந்தால் ஒரு ரிப்பனையும் காணோம்.

"அகதா! இங்க கட்டியிருந்த ரிப்பன் எங்க?"

சப்பரத்தின் மேலிருந்து ரோகினி எட்டிப் பார்த்தாள். "அதுவாண்ணே? நாலு தொங்கலுக்கு ரிப்பன் பத்தலன்னு தேடுனோம். பார்த்தா உங்க இன்ஜின்ல கெடக்கு. காத்துல பறந்து வந்து வயர்ல சிக்கிருச்சுன்னு எடுத்துக் கட்டிட்டேன்லா."

எட்மண்டால் திட்டவும் முடியாது, திருடிய ரிப்பன். குத்துமதிப்பாக நாலு வயரையும் மாட்டிச் சாவியைத் திருப்பினார். 'டமார்' என்று ஒரு வெடி. ரோகினி பூக்கூடையோடு கீழே குதித்தாள். மாற்றி மாட்டினார், இன்னொரு வெடி. மூன்றாவது முறை வெடிகூட இல்லை, வெறும் இருமல்.

மணி மூன்றரை. ஐந்துக்குப் பவனி. அகதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புனிதனுக்கு போன் போடட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். அவள் கத்தியிருந்தால் எட்மண்ட் தாங்கியிருப்பார். அந்தத் தணிந்த குரலைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் இவரிடம் அவள் கேட்டது எத்தனை? அதில் இவர் செய்தது எத்தனை?

பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். காணாமல் போனதைக் கண்டெடுத்துக் கொடுக்கிறவர் அந்தோணியார் என்று கோயிலில் சொல்லக் கேட்டிருக்கிறார். 'சாமி, எனக்காக வேணாம். அவளுக்காக ஒருதரம்' என்று முணுமுணுத்தார். வேண்டிப் பழக்கமில்லாததால் அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"அண்ணே, திட்டாதீங்க" என்று ரோகினி பக்கத்தில் வந்து நின்றாள். "ரிப்பன் எடுக்கறதுக்கு முன்னாடி, வண்டிகிட்ட நின்னு ஒரு செல்ஃபி எடுத்தேன். பின்னால இன்ஜின் தெரியுது. இது பிரயோஜனப்படுமா?"

கைப்பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். படத்தில் முக்கால்வாசி ரோகினியின் சிரிப்பு. அவள் காதுக்குப் பின்னே டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அதிலிருந்து கிளம்பி வரும் நாலு வயர். நுனியில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம். வெடிச் சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த ஜோஆன், இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எட்மண்ட் ஒவ்வொன்றாக மாட்டினார். இந்த முறை அவசரப்படவில்லை. கடைசி வயர் 'டக்'கென்று உட்கார்ந்ததும் சாவியை அகதாவிடம் நீட்டினார்.

"நீயே போடு."

அவள் திருப்பினாள். வண்டி ஒரே பிடியில் கிளம்பியது. விக்கவில்லை, உதறவில்லை. ரோகினி கைதட்டினாள். எட்மண்ட் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக மூக்கைச் சிந்தினார். வெட்கமெல்லாம் படவில்லை.

தோட்டத்தைச் சுற்றி ஒரு மணி நேரப் பவனி. நடக்கிறவர்களுக்குப் பின்னால் பிக்கப் பூனை நடை போட்டது. "எட்மண்டு, வண்டி ஓடுதா, இல்ல ஆள் வச்சு தள்ளுறியா?" என்று புனிதன் ஜன்னலோரம் வந்து கேட்டார். அன்றைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை. அகதா செருப்பில்லாமல் முன்னால் நடந்தாள். ஜோஆனும் குழந்தையும் எட்மண்டுக்குப் பக்கத்தில்.

கோயில் வாசலுக்குத் திரும்பியதும் அந்தோணியார் சுரூபத்தை இறக்கினார்கள். கூட்டம் சாப்பாட்டுப் பந்தலுக்கு நகர்ந்தது. தூங்கும் எலெய்னை எட்மண்டின் மடியில் கிடத்திவிட்டு ஜோஆன் அம்மாவைத் தேடிப் போனாள். நிறுத்தினால் மறுபடி கிளம்பாதோ என்ற பழைய பயத்தில் அவர் இன்ஜினை ஓடவிட்டபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு துணிந்து சாவியைத் திருப்பி அணைத்தார்.

சத்தம் அடங்கியதும் எலெய்ன் மூச்சுவிடுவது கேட்டது. ஆஸ்பத்திரியில் அந்த நாற்பது நாளும் அவர் கேட்டதெல்லாம் மிஷின் சத்தம்தான். குழந்தையின் மூச்சு இப்படி இருக்கும் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

தட்டில் சோற்றோடு வந்த அகதா, "சாப்பிட வரலியா? ஏன் இங்கயே உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"பேசாத. நீயும் ஏறி உட்காரு" என்றார் எட்மண்ட். "கேளு."