சொல்லிக் கொடுத்த பேச்சு

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது இரண்டு ஆள் வேலை. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, விறைப்பாக இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேர்க்கிற அந்த நொடியில்தான் முகத்துக்கு முகம் கிட்டே வரும். மெஷின் போடுகிற இரைச்சலில் அப்போது பேசினால்தான் காதில் விழும். அதனால் ஓட்டலின் அந்த அடித்தளத்தில் குடும்பக் கதை, மாமியார் கதை எல்லாமே துண்டு துண்டாகத்தான் நடக்கும்.

"சிட்டு கையில கோடு விழுந்திருக்குக்கா."

சொல்லிவிட்டு சிட்டுவின் அம்மா பின்னால் நகர்ந்தாள். அவளோடு ஜோடி சேர்ந்து மடிக்கும் அக்கா அடுத்த விரிப்பை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்ன கோடு?"

"ஸ்கேலால அடிச்ச கோடு."

"யாரு அடிச்சா?"

"டீச்சர்தான். சிட்டு வாயாலயே சொல்லிட்டா."

அக்கா முனையை நழுவ விட்டாள். வெள்ளை விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. இனி அதை மறுபடி துவைக்கப் போட வேண்டும். அதைப் பற்றிக் கவலைப்படாமல், "சிட்டு எங்கடி சொல்லுவா?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான். ஒன்பது வயது சிட்டுவுக்கு ஆட்டிசம். சொந்தமாக ஒரு வார்த்தை கோத்துப் பேச வராது. காதில் விழுந்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு எப்போதாவது எடுத்துவிடுவாள். அதே குரல், அதே இழுப்பு. தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா கண்ணு?" என்பாள், அம்மா அப்படித்தானே கேட்கிறாள். பஸ் கண்டக்டர் பேசுவாள், விளம்பரத்தில் சோப்பு விற்கிறவன் பேசுவாள், போன் எடுக்காவிட்டால் உள்ளே இருந்து பதில் சொல்லும் பெண் பேசுவாள். அன்றைக்கு அவள் பக்கத்தில் யார் என்ன பேசினார்கள் என்று தெரிய வேண்டுமானால் சும்மா அவளோடு உட்கார்ந்திருந்தால் போதும்.

கொஞ்ச நாளாக சிட்டு தொண்டையைக் கனைக்க ஆரம்பித்திருந்தாள். கனைத்துவிட்டு, "எந்திரிச்சே, காலை ஒடிச்சிருவேன்" என்பாள். மறுபடி கனைப்பாள். "உன்னையெல்லாம் எவன் இங்க கொண்டாந்து சேர்த்தான்?" அந்த வீட்டில் அப்படிப் பேச ஆளில்லை. அப்பா மூட்டை தூக்கிக் களைத்து வந்து ஊரையே திட்டுவார், மகளிடம் வந்தால் வாயே திறக்க மாட்டார். ஆனால் அந்தக் கனைப்பு அம்மாவுக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு டீச்சர் ஒவ்வொரு பேச்சுக்கு முன்னாலும் கனைத்ததைக் கேட்டிருக்கிறாள்.

"அப்ப சாட்சியே கையில இருக்கு. போய் நறுக்குன்னு நாலு கேள்வி கேளு" என்றாள் அக்கா.

சிட்டுவின் அம்மா அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். தலைமை ஆசிரியையின் அறையில் கண்ணாடிப் பீரோவும், துடைத்து வைத்த கோப்பைகளும், வந்தவர்கள் உட்காராமல் இருப்பதற்கென்றே போட்டது மாதிரி ஒரே ஒரு நாற்காலியும் இருந்தன. அம்மா நின்றபடி விஷயத்தைச் சொன்னாள். கனைப்பைக்கூடக் கனைத்துக் காட்டினாள்.

"குழந்தை வீட்டுல எதையோ பேசுதுன்னு ஒரு டீச்சர் மேல பழி போடுவீங்களாம்மா? அது கிளிப்பிள்ளை மாதிரி எதைக் கேட்டாலும் சொல்லும். டிவியில கேட்டிருக்கும்."

"கையில கோடு இருக்குதுங்களே."

"அது தன்னையே அடிச்சுக்கும். நீங்களே சேர்க்கும்போது சொன்னீங்க."

சொன்னது உண்மை. சத்தம் தாங்காதபோது சிட்டு தன் நெற்றியில் அடித்துக்கொள்வாள். ஒளிவுமறைவு வேண்டாம் என்று சேர்க்கிற அன்றே அம்மா சொல்லித் தொலைத்திருந்தாள்.

சிட்டுவைக் கூட்டி வந்தார்கள். தலைமை ஆசிரியை குனிந்து, குரலில் சர்க்கரை போட்டுக் கேட்டார்.

"டீச்சர் உன்னை அடிச்சாங்களா?"

"அடிச்சாங்களா" என்றாள் சிட்டு.

"அடிக்கலைதானே?"

"அடிக்கலைதானே."

"அவ்வளவுதாம்மா. நீங்களே கேட்டீங்க." நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த ஸ்கூல்லயும் எடுக்கலைன்னு வந்து நின்னீங்க. பாவமேன்னு சேர்த்தோம். பிடிக்கலைன்னா கூட்டிட்டுப் போங்க, யாரும் தடுக்கலை."

எங்கே கூட்டிப் போவது? பள்ளிக்கு முந்தின காலத்தில் சிட்டுவை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இருவரும் வேலைக்குப் போனார்கள். ஒரு நாள் அடுப்பின் காஸைத் திறந்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் நாற்றம் பிடித்துக் கதவை உடைத்தார்கள். வீட்டு ஓனர் அன்றைக்கே, இன்னொரு தடவை பூட்டிவிட்டுப் போனால் சாமான் வெளியே இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

"நம்மளை அடிக்காத வாத்தியாரா? தாங்கிக்கிட்டோம்ல" என்றார் அப்பா அன்று சாப்பிடும்போது.

"நாம வீட்டுல வந்து சொன்னோம். இவளால சொல்ல முடியுமா?"

அவர் தட்டில் கைகழுவினார். கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

யோசனை சொன்னது அக்கா. இரண்டு விரிப்பு மடிக்கும் நேரத்தில் சொல்லி முடித்தாள். "எதைச் சொல்லிக் கொடுத்தாலும் சொல்றாள்ல? அடிக்கறப்ப கத்தறதுக்கு ஒண்ணு சொல்லிக் கொடு. பக்கத்து கிளாஸுக்குக் கேக்கட்டும்."

அன்று மாலையே அம்மா ஆரம்பித்தாள். வெறுமே சொல்லிக் கொடுத்தால் எப்போது சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குப் புரியாது. அதனால் சீப்பை எடுத்து, ஸ்கேல் மாதிரி ஓங்கினாள். சிட்டு காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சுருண்டாள். எவ்வளவு அடி வாங்கியிருந்தால் இப்படிச் சுருளத் தெரியும்? அம்மா சீப்பைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு மறுபடி எடுத்தாள். வேறு வழி தெரியவில்லை.

"அடிக்காதீங்க டீச்சர், வலிக்குது. சொல்லு கண்ணு. அடிக்காதீங்க டீச்சர், வலிக்குது."

வாரக் கடைசிக்குள் வந்துவிட்டது. சீப்பைத் தூக்கினாலே கணீரென்று சொன்னாள். திங்கட்கிழமை வகுப்பிலும் சொல்லியிருக்கிறாள். அடுத்த வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தாராம், பள்ளி வாட்ச்மேன் சொன்னார். அந்த வாரம் கையில் புதுக் கோடு ஒன்றும் இல்லை. அக்காவுக்கு மடிக்க மடிக்கச் சிரிப்பு. "நான் டீச்சர் வேலைக்கே போயிருக்கணும்டி" என்றாள்.

ஆனால் கற்றதை ஓரிடத்தோடு நிறுத்த சிட்டுவுக்குத் தெரியாது. தலை வாரினால் சொன்னாள். பஸ்ஸில் ஒருவர் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கியதற்குச் சொல்ல, பஸ்ஸே அவரை முறைத்தது. அப்பா மகளின் தலையைத் தடவக் கை நீட்டினார். அவரிடமும் சொன்னாள். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் தன் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

ஒரு நாள் சலவைக்கூடத்துக்குப் போன் வந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்திருக்கிறார். அவர் முன்னால் சிட்டு அதைச் சொல்லிவிட்டாள். உடனே வர வேண்டும். அம்மா கைகூடத் துடைக்காமல் ஓடினாள். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். ஒரு பெரிய மனுஷன் காதில் விழுந்துவிட்டது, இனி யாரும் மூடி மறைக்க முடியாது.

அந்த ஒரே நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மோசமான மனிதர் இல்லை. சிட்டுவிடம் பேனாவை நீட்டி, "பேர் எழுதுவியா?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

"அடிக்காதீங்க டீச்சர், வலிக்குது."

தண்ணீர் டம்ளரை நீட்டினார். அதற்கும் அதையே சொன்னாள். அவர் அம்மாவைப் பார்த்தார். "என்னம்மா இது?"

"புள்ளைக்கு நெசமாவே வலிக்குது சார். அதுக்கு வேற சொல்லத் தெரியாது, அதான்…"

அதிகாரி சட்டென்று நிமிர்ந்தார். அந்த 'வலிக்குது' இரண்டிலும் ஒரே இழுப்பு, கடைசியில் ஒரே இறக்கம்.

"கேட்டீங்களா சார்?" என்றார் தலைமை ஆசிரியை. "இதைத்தான் சொன்னேன். குழந்தை அவங்கம்மா குரல்லயே பேசுது."

"நீங்க சொல்லிக் கொடுத்ததாம்மா?"

"ஆமா சார். ஆனா இவ அந்த டீச்சர் குரல்லயும் பேசுவா சார். எப்படித் திட்டுவாங்க, எப்படிக் கனைப்பாங்க, எல்லாம் அப்படியே வரும். கேளுங்க சார். கண்ணு, டீச்சர் என்ன சொல்வாங்க? சொல்லுடா. கனைச்சுக் காட்டு. தங்கம்ல?"

"தங்கம்ல" என்றாள் சிட்டு.

வாசலோரம் நின்றிருந்த வகுப்பு டீச்சர் கனைக்கவே இல்லை. வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார்.

அதிகாரிக்கு அடுத்த பள்ளிக்கு நேரமாகிவிட்டது. எழுந்துகொண்டே, "இந்த மாதிரிப் பிள்ளைகளை வச்சு இப்படியெல்லாம் செய்யக் கூடாதும்மா" என்று வருத்தத்தோடு சொன்னார். தலைமை ஆசிரியை பெருந்தன்மையாக நடந்துகொண்டார். சிட்டு தொடர்ந்து வரலாம். அந்தப் பேச்சு மட்டும் இனி வாயில் வரக் கூடாது. வந்தால் அன்றைக்கே வீட்டுக்கு. "வேற ஏதாச்சும் நல்லதா சொல்லிக் கொடுங்க. ஸ்கூல் நல்லா இருக்குன்னு சொல்லட்டுமே, கேக்கறவங்களுக்கும் நல்லா இருக்கும்."

மறுநாள் விரிப்பின் மறுமுனையில் அக்கா தலை நிமிரவில்லை. "நான்தான் கெடுத்தேன்" என்றாள் ஒரு முறை. "நீ என்னக்கா பண்ணுவ" என்றாள் இவள். அடுத்த விரிப்பின் முனையை எடுத்து நீட்டினாள்.

சிட்டுவின் வாயில் பதிந்த பேச்சை மறக்கடிக்க முடியாது. மேலே இன்னொன்றைப் போட்டுத்தான் மூட வேண்டும். அம்மா சீப்பைத் தூக்கினாள். சிட்டு வாய் திறக்கும் முன்னால், "ஸ்கூல் நல்லா இருக்கு" என்றாள். பாதியில் ஒரு விம்மல் வந்துவிட்டது.

"ஸ்கூல் நல்லா இருக்கு" என்றாள் சிட்டு. அதே இடத்தில் விம்மினாள்.

இப்படிச் சொன்னால் ஏற்க மாட்டார்கள். அம்மா எழுந்துபோய் முகம் கழுவினாள். நல்ல நாள் எதையாவது நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, பல் தெரியச் சிரித்து, குரலைத் தூக்கி, கை தட்டிச் சொன்னாள். பாதியில் வேலையிலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்று கேட்டார். உள்ளே வராமல் தெருவுக்கே திரும்பிப் போய்விட்டார். விளக்குப் போடும் நேரத்துக்குள் சிட்டுவுக்குப் படிந்துவிட்டது.

பள்ளியில் எல்லோருக்கும் திருப்தி. வாசல் கேட்டில் யார் குனிந்தாலும் சொன்னாள். வாட்ச்மேன் அவளைச் சொல்லவைத்துச் சிரித்தார். மாதம் ஒன்று இப்படியே ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை குளிப்பாட்டும்போது சிட்டு முழங்காலை மடக்க மாட்டேன் என்றாள். அம்மா அவளைத் திருப்பிப் பார்த்தாள். முழங்காலுக்குப் பின்னால், பாவாடை மறைக்கிற இடத்தில், நீலமாகக் கன்றிப்போய் வரிசையாகத் தடித்திருந்தது. மேலே பழசு, கீழே புதுசு.

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை துள்ளினாள்.

"யாருடா கண்ணு? யாரு பண்ணா?"

சிட்டு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அம்மாவின் குரலில், அம்மாவின் சிரிப்போடு, ஈரக் கை இரண்டையும் தட்டிக்கொண்டு சொன்னாள்:

"ஸ்கூல் நல்லா இருக்கு!"