அம்மாளுக்கு மட்டும் லீவு

"எழும்பினாக் காலை முறிப்பன்," என்றான் நிலோஜன்.

அவன் மனைவி விதுசா அதற்குள் எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் ரொட்டி சுடலாம், அப்படியொரு காய்ச்சல். மற்றக் கை கடைச் சேலையைத் தேடியது.

"போகாட்டி முதலாளி வேற ஆளப் போட்டிருவார்."

"போய் நீ செத்தாலும் வேற ஆளத்தான் போடுவார். நான் ஆரைப் போடுற?"

களுவாஞ்சிக்குடியில் குஞ்சித்தம்பி முதலாளியின் புடைவைக்கடையில் அவள் விற்பனைப் பெண். அங்கே யாருக்கும் நோய், வருத்தம் வரக்கூடாது. வந்தால் ஒரே வைத்தியம்: "ரெண்டு பனடோலப் போட்டுட்டு வா புள்ள. நான் காய்ச்சலோட கடை திறந்தவன்." திறந்தவர்தான். திறந்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே படுத்ததை மட்டும் சொல்லமாட்டார். நேற்று சேலை விரித்துக் காட்டும்போதே விதுசா மயங்கிச் சரிந்தாள். "சேலை கசங்காம விழுந்திருக்காள், கெட்டிக்காரி," என்று பாராட்டினார்.

நிலோஜன் வளவுக்குள் இறங்கி வேம்பில் ஒரு கொப்பை முறித்து, அம்மை கண்ட வீட்டில் கட்டுவதுபோல் கேற்றில் கட்டினான்.

"இஞ்சாருங்க, என்ன செய்யிறீங்க? அம்மாள் வருத்தமெண்டு ஊர் நினைக்கப்போகுது!"

"நான் ஒரு பொய்யும் சொல்லல்ல. கொப்புக் கட்டினன். நினைக்கிறது அவங்கட பாடு. நீ படு."

அவளைக் கூட்டிவரக் கடையிலிருந்து வந்த அஜந்தா, கொப்பைக் கண்டதும் சைக்கிளைக் கடைக்கே திருப்பினாள். "முதலாளி, விதுசாக்காவுக்கு அம்மாள்!" காய்ச்சலுக்கு அரைநாள் கொடுக்காத மனுசன், அம்மாளுக்கு உடனே லீவு கொடுத்தார், தலைக்குத் தண்ணி வார்க்கும்வரை, சம்பளத்தோடு.

பின்னேரம் அவரே வந்தார். கேற்றுக்கு வெளியே செருப்பைக் கழற்றி, இளநீர்க் குலையை வைத்து, கண்ணை மூடிக் கைகூப்பினார்.

"தாயே, தெரியாமச் செஞ்சிட்டன். உடம்பு ஏலாத புள்ளைய வேலைக்கு வரச் சொல்லிட்டன். மன்னிச்சிரு."

உள்ளே கிடந்த விதுசாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை. மயங்கி விழுந்தவளுக்குக் கிடைக்காத மன்னிப்பு, வராத கொப்புளத்துக்குக் கிடைக்கிறதே! பேசாமல் படுத்தால் லீவும் சம்பளமும் கையில். நிலோஜனும் கண்ணால் அதைத்தான் கெஞ்சினான். அவள் எழும்பித் தள்ளாடிக் கேற்றடிக்குப் போனாள்.

"முதலாளி, கண்ணைத் திறங்க. முகத்தில ஒண்டுமில்ல, பாருங்க. வெறும் காய்ச்சல். நீங்க மன்னிப்புக் கேட்க வேண்டியது என்னட்ட."

குஞ்சித்தம்பி கண்ணைத் திறந்தார், கூப்பிய கை கூப்பியபடி.

"கேட்டிட்டீங்கதானே, சரி. சுகமானதும் வாறன்."

நிலோஜன் இளநீரைத் தூக்கிக்கொள்ள, அவள் கேற்றைச் சாத்தினாள்.

தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். கையை இறக்கினால் கேட்ட மன்னிப்பைத் திருப்பி வாங்கியதாகிவிடும். இறக்காவிட்டால் சம்பளத்துக்கு நிற்கிற பெண்ணைக் கும்பிட்டதாகிவிடும். என்ன செய்வதென்று தெரியாமல், வெறுங்காலோடு, முதலாளி கும்பிட்டபடியே நின்றார்.