வாரேனா, போறேனா

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல் எது என்பதுதான் எனக்குச் சரியாக நினைவில்லை.

முத்திருளன் என் பள்ளித்தோழன். அலங்காநல்லூரில் மைக் செட் வைத்திருக்கிறான். கோயில் பொங்கலன்று அவனுக்கும் மனைவி முத்துமீனாவுக்கும் சண்டை. வண்டியூரிலுள்ள தாய்வீட்டுக்குப் பஸ் ஏறியவள், படியில் நின்று ஒரு சொல் சொன்னாள். ஸ்பீக்கர் பெட்டியருகே நின்ற அவன் காதில் ‘போறேன்’ என்று விழுந்தது.

(எங்கள் பக்கம் தெருமுனைக் கடைக்குக் கிளம்பினாலும் ‘வாரேன்’ என்போம். ‘போறேன்’ என்றால் திரும்புவதாக இல்லை.)

பதினோரு நாள் அவன் போன் செய்யவில்லை. அவளும்தான்.

2

‘இரைச்சலில் வாழ்ந்தவனை மௌனம்’ என்று எழுதத் தொடங்கினேன் — வேண்டாம். மௌனத்தை நினைத்துக்கொண்டிருப்பவன் நான், அவனல்ல.

டீக்கடையில் எதைச் சொன்னாலும் “ஆங்?” என்றான். கோச்சடையில் காது பரிசோதிக்கும் தமிழ்வாணியிடம் அழைத்துப்போனேன். மெல்லிய ஒலிகளெல்லாம் கேட்டன. இரைச்சலுக்கு நடுவே சொன்ன சொற்களில் பாதியைத் தப்பாகச் சொன்னான்.

தமிழ்வாணி விளக்கினார்: உள்காதின் செல், ஒலி வந்ததும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைச் சிறு இடைவெளியில் விடுகிறதாம். அக்கரையிலிருக்கும் நரம்பு நுனி அந்தத் தூதை வாங்கி மூளைக்குச் சொல்கிறது. ஓயாத இரைச்சலில் தூது அளவுமீறிக் கொட்டும். நுனி வீங்கி, செல்லோடு இருந்த தொடர்பு விட்டுப்போகும். சத்தம் வரும், சொல் சிதையும்.

[மூளையும் காதுக்கு வேறொரு தூதை அனுப்பி, ‘குறைத்துக் கேள்’ என்கிறதாம். அதன் பெயர் அசிட்டைல்கோலின். கதையில் இதற்கு இடம் தெரியவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.]

அப்படியானால் தான் கேட்டது தப்பாக இருக்குமா என்றான். இருக்கலாம், வீட்டுக்காரம்மாவிடமே கேளுங்கள் என்றார் தமிழ்வாணி. வெளியே வந்து என்னிடம் கேட்டான்.

“ரெண்டு பேருக்கும் நடுவுல நீதான மாப்ள நின்ன. என்ன சொன்னா?”

3

தெரியாது என்று நான் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். ‘போறேன்’தான் என்பதாக இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்தது இது: நெடுநேரம் பேசாமல் நின்றேன்.

“வாரேன்னுதாண்டா சொன்னா.”

“இதுக்கு எம்புட்டு நேரம்டா,” என்றவன், வண்டியை வண்டியூர்ப் பக்கம் திருப்பினான்.

4

முத்துமீனா திரும்பிவிட்டாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, “அன்னைக்கு உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சாண்ணே?” என்றாள். நான் குழம்பு கேட்டேன். அவள் சொன்னது எது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்வாணி அதே கோச்சடையில் இருக்கிறார். முத்திருளன் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு மைக் செட் ஓட்டுகிறான். முத்துமீனா வெளியே கிளம்பும்போது ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லி, ‘வாரேன்’ என்று இரண்டு தடவை சொல்கிறாள்.