அத்தை பிடித்த வயர்

நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிறவன். வாயைக் கட்டத்தான் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவியின் லேப்டாப் உயிரை விட்டபோது, "இதுக்குப் போய் அழுவாங்களா? கேம் பெட்டியையே கம்ப்யூட்டரா மாத்திக் காட்டறேன்" என்று அளந்துவிட்டேன்.

அவள் அழுததில் நியாயம் இருந்தது. இரண்டு வருடமாக வேலை தேடுகிறாள். நாற்பது இடங்களுக்கு எழுதியதில் ஒரே ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம்தான் பதில் போட்டது. பரீட்சையாகப் பன்னிரண்டு பக்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஒன்பது பக்கம் மெயிலில் பத்திரமாக இருந்தது, மூன்று பாக்கி. போனில் அடிக்கலாமே என்றேன்.

"ஒத்த விரலால அடிச்சா அடுத்த ஞாயித்துக்கிழமைதான் முடியும்."

டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடும் அந்தப் பெட்டி என் மாமியாருடையது. கார் ரேஸ் என்றால் அத்தைக்கு உயிர். கம்பெனி சிடி இல்லாவிட்டாலும் ஓடும்படி அதற்குள் ஒரு சிப்பை எப்போதோ வைத்துக் கொடுத்திருந்தேன். கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் சிடியும் மூன்று கிடந்தன. அந்தத் தைரியம்தான்.

முதல் இரண்டும் சாதா ரகம், பெட்டி சீண்டவேயில்லை. மூன்றாவது, அழித்து எழுதும் ரகம். அதை மட்டும் ஏற்றுக்கொண்டது. ஆனால் பெட்டியின் மெமரி வெறும் அறுபத்து நான்கு எம்பி! ஐகானும் ஜன்னலும் வந்ததுமே மூச்சுத் திணறி நின்றுவிட்டது. மறுபடி ஏற்றி, அத்தை கார் ஓட்டும் கன்ட்ரோலரின் பட்டன்களை அமுக்கியே அலங்காரத்தையெல்லாம் கழற்றி, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் வரும்படி செய்தேன். டிவியோ இடது ஓரத்தில் நான்கு எழுத்தை விழுங்கியது. வரிக்கு வரி முன்னால் இடம் விட்டு அடித்துக்கொள்கிறேன் என்றாள் மனைவி. நெட் கேபிள் மட்டும்தான் மறுபேச்சு பேசாமல் வேலை செய்தது.

கடைசியில் பரணில் கிடந்த பழைய கீபோர்டைச் செருகப் பார்த்தால் இடமே இல்லை. உள்ளே ஓடுவது சாதாரண யூஎஸ்பிதான்; துளை மட்டும் வேறு வடிவம். கன்ட்ரோலர் வயரை வெட்டி, கீபோர்டு வயரோடு நிறத்துக்கு நிறம் சேர்க்க வேண்டும். வீட்டில் இருந்ததோ ஒரே கன்ட்ரோலர். நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

அத்தை கத்தரிக்கோலை நீட்டினார். "எங்க வெட்டணும் மாப்ள?"

"கடைசி ரேஸ் பாக்கி இருக்குன்னீங்களே அத்தை?"

"காரு எங்க ஓடிப் போயிடப் போகுது? வெட்டுங்க."

வெட்டினேன். அப்புறம் நான் செய்த முட்டாள்தனத்தை என் தொழில்காரன்தான் செய்வான். மோட்டாருக்கு ஈயப்பற்று வைக்கிற தடியான சால்டரிங் அயர்னை அந்த முடி போன்ற வயர்களில் வைத்தேன். உறை உருகி வழிந்தது. மிச்சத்தை முறுக்கி டேப் சுற்றினேன். விரலால் அழுத்திப் பிடித்தால் கீபோர்டு வேலை செய்தது, விட்டால் செத்தது.

"தள்ளுங்க" என்று அத்தை தரையில் உட்கார்ந்து இணைப்பைப் பிடித்துக்கொண்டார். மணி மூன்று.

ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் இருக்க மாட்டாத மனுஷி. போன் அடித்தது, எடுக்கவில்லை. வாசல் மணி அடித்தது, எழவில்லை. நடுவில் ஒருமுறை, "மாப்ள, மூக்கு அரிக்குது" என்றார். நான் சொறிந்துவிட்டேன். பத்து வருடத்தில் எங்களுக்குள் அவ்வளவு நெருக்கம் அன்றுதான்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு மெயில் போனது.

"அம்மா, போயிருச்சு. கைய விடு."

"நல்லாப் பாரு. நெசமாவே போயிருச்சா?"

மெயில் போய்விட்டது என்ற வரியை மனைவி இரண்டு முறை படித்துக் காட்டிய பிறகுதான் அத்தை விட்டார். விரல்கள் நிமிரவில்லை. மனைவி அந்தக் கையை மடியில் வைத்து நீவிக்கொண்டே அழுதாள்.

"அதான் அனுப்பிட்டியேடி, இன்னும் என்ன அழுகை?"

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. பெட்டியைக் கம்ப்யூட்டராக்கிய மகாவீரன் நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் என்னைத் தாண்டி அம்மாவிடம்தான் ஓடினாள். எனக்குக் கோபமே வரவில்லை.