மிஸ் ஏம்ஸின் அறைவாசல்

முன்பெல்லாம் மதிய மணி அடித்தால் பிள்ளைகள் ஹெஸ்டர் கில்ஃபாயிலின் மேசையை மொய்த்துக்கொள்வார்கள். இந்த இலையுதிர் காலத்திலிருந்து, மணியோசை அடங்குவதற்குள் வகுப்பு காலியாகிவிடுகிறது. எங்கே போகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் வழியில், தேசப்படங்களைச் சுருட்டி வைத்திருந்த சின்ன அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, 'மாணவர் வழிகாட்டி' என்று பலகை மாட்டிவிட்டார் தலைமையாசிரியர் லிண்ட்க்விஸ்ட். உள்ளே உட்கார்ந்திருந்தவள் வினிஃப்ரெட் ஏம்ஸ். பாஸ்டன்காரி. கல்லூரியை விட்டு வந்த ஈரம்கூடக் காயாதவள்.

அயோவாவின் அந்த ஆற்றங்கரை ஊரில் பள்ளிக்கு வணிகப் பிரிவு என்று ஒன்று உண்டானதே ஹெஸ்டரால்தான். பழைய தட்டச்சுப் பொறிகள் இரண்டை வாங்கிப்போட்டு ஆரம்பித்தாள். லத்தீன் பிரிவுக்காரர்கள் அதைக் 'கடைப் படிப்பு' என்று கேலி பேசியதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். பனியில் பாவாடை நனைய நனைய வங்கி, மாவு ஆலை, ரயில்வே அலுவலகம் என்று ஏறி இறங்கித் தன் பெண்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்தாள். அதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. இப்போது பெயரும் வந்தது, அறையும் வந்தது, ஆளும் வந்தாள். அந்த ஆள் அவள் இல்லை.

"என்ன ஹெஸ்டர், உங்க கடையில கூட்டத்தையே காணோமே? எல்லாம் எதிர்க்கடைக்குப் போயிடுச்சா?" ஆசிரியர் அறையில் காபியை ஊற்றிக்கொண்டே கேட்டாள், சமையல் சொல்லித்தரும் மிஸஸ் ப்ரூயிட்.

"அங்க மிட்டாய் தர்றாங்களாம். நான் தட்டச்சுதான் தர்றேன்."

"அட, மிட்டாய் என்னங்க மிட்டாய்? அந்தப் பொண்ணு சிரிச்சாலே போதும். நேத்து என் அடுப்படிப் பிள்ளைங்ககூட அங்கதான் நின்னுதுங்க."

ஹெஸ்டர் காபியைக் குடிக்காமலே எழுந்து போனாள். அந்தச் சிரிப்பு அவளுக்கும் தெரியும். கண்ணாடி முன்னால் ஒருநாள் அப்படிச் சிரித்துப் பார்த்து, தன்மீதே கோபம் வந்து விளக்கைத் தணித்தவள் அவள்.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டிருப்பாள். லுட்மிலா விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

லுட்மிலா, போஹீமியாவிலிருந்து குடியேறி ஓட்ஸ் ஆலையில் மூட்டை தூக்கும் ஒருவரின் மகள். விரல்கள் பொறியின்மேல் மழை மாதிரி விழும். வக்கீல் க்ரெய்ல் தன் அலுவலகத்துக்கு இன்னொரு பெண் வேண்டும் என்று கேட்டபோது, ஹெஸ்டர் யோசிக்காமல் அவள் பெயரைச் சொல்லியிருந்தாள். ஊரிலேயே நல்ல இடம் அது. ஹெஸ்டரின் பழைய மாணவி எட்னா அங்கேதான் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் ஹெஸ்டர் அனுப்பிய பெண்கள்தான்.

"டீச்சர், அந்த வேலைக்கு நான் போகலை," என்றாள் லுட்மிலா ஒருநாள் மாலை, பொறிக்கு உறை போட்டுக்கொண்டே.

"யாரு போக வேண்டாம்னு சொன்னா?"

"யாரும் சொல்லலை. மிஸ் ஏம்ஸ்கிட்ட கேட்டேன், அவங்க..."

அதற்குமேல் ஹெஸ்டர் கேட்கவில்லை. வழிகாட்டி அறைக்கு இறங்கியபோது மாடிப்படியில் அவள் காலணி போட்ட சத்தத்துக்குப் பள்ளித் தச்சுப் பட்டறையிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"நான் வளர்த்த பொண்ணை நீங்க எந்த உரிமையில திருப்பறீங்க? இந்த ஊர்ல ஒரு முதலாளி முகமாவது உங்களுக்குத் தெரியுமா?"

மிஸ் ஏம்ஸ் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "உக்காருங்க, மிஸ் கில்ஃபாயில்."

"உக்கார வரலை."

"நான் அவளைத் திருப்பலை. அவ என்கிட்ட ஒண்ணு சொன்னா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன். அவகிட்ட நீங்களே கேளுங்க. ஆனா கோபத்தை இங்கயே வச்சிட்டுப் போய்க் கேளுங்க."

இந்தச் சின்னப் பெண் எனக்குப் பாடம் சொல்கிறாளா என்று பொருமிக்கொண்டே ஹெஸ்டர் மேலே வந்தாள். லுட்மிலா இன்னும் அங்கேயே நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் ஹெஸ்டரின் குரல் தானாக இறங்கியது.

"என்னம்மா? எதுவா இருந்தாலும் சொல்லு."

"எட்னா சொன்னா, டீச்சர். எல்லாரும் போனப்புறம் அவளை மட்டும் இருக்கச் சொல்லுவாராம். கதவை உள்பக்கம் பூட்டிடுவாராம். போன வாரம் அவ ஜன்னலைத் திறந்து கத்திடுவேன்னு சொன்னப்புறம்தான் விட்டாராம்."

"ஏன்டி என்கிட்ட சொல்லலை? எட்னா ஏன் சொல்லலை?"

"சொல்ல வந்தாளாம். அவர் கொஞ்சம் ஒரு மாதிரின்னு ஆரம்பிச்சாளாம். நல்ல இடம், முகத்தைச் சுளிக்காம பொறுத்துக்கோன்னு நீங்க சொல்லிட்டீங்களாம்."

சொல்லியிருந்தாள். எட்னா தொப்பியின் ரிப்பனைத் திருகிக்கொண்டு நின்றதும், தான் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் பதில் சொன்னதும் நினைவுக்கு வந்தன. எட்னாவுக்கு முன்னால் ஒருத்தி அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வேலையை விட்டு நின்றாள். அதற்கும் முன்னால் ஒருத்தி திடீரென்று சிகாகோவுக்குப் போனாள். நன்றி கெட்டவர்கள் என்று அவர்களை ஹெஸ்டர் ஏசியிருந்தாள்.

மறுநாள் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு க்ரெய்லின் அலுவலகப் படியேறினாள். எட்னா பொறிமுன் இருந்தாள். சுவரோரம் விவசாயி ஒருவரும் அவர் மனைவியும் காத்திருந்தார்கள்.

"எட்னா, தொப்பியை எடுத்துக்கோ. கிளம்பு."

உள்ளறையிலிருந்து க்ரெய்ல் வெளியே வந்தார். "அடடே, மிஸ் கில்ஃபாயிலா! ரெண்டாவது பொண்ணைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"இருக்கற பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"திடீர்னு இப்படிப் பண்ணினா எப்படி? காரணம் வேண்டாமா?"

"சொல்றேன். இவங்க முன்னாடியே சொல்லட்டுமா? இல்ல, ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல உங்க வீட்டம்மா முன்னாடி சொல்லட்டுமா?"

விவசாயியின் மனைவி க்ரெய்லை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் உள்ளறைக்கே திரும்பிப் போனார். எட்னா மேலங்கியை மாட்டிக்கொண்டாள். தெருவுக்கு வந்த பிறகுதான் அழுதாள். ஹெஸ்டர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். "நான் தலையை நிமிர்த்திப் பார்த்திருக்கணும்," என்று மட்டும் சொன்னாள்.

க்ரெய்ல் சும்மா இருக்கவில்லை. பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்த அவர் நண்பர் மூலம் ஹெஸ்டர்மேல் புகார் வந்தது. லிண்ட்க்விஸ்ட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஹெஸ்டரை விசாரித்தபோது, அழைக்காமலே உள்ளே வந்தாள் மிஸ் ஏம்ஸ். நடந்ததைச் சொல்ல எட்னாவிடமும் லுட்மிலாவிடமும் சம்மதம் கேட்டு வாங்கியிருந்தாள். குழு முன்னால் தானே பேசுவதாகச் சொன்னாள். பேசவும் பேசினாள். அழகாக, நிதானமாக, ஒரு சொல் தவறாமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெஸ்டர், அந்தப் பேச்சு தன்னைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்தும், இவ்வளவு நன்றாகப் பேசத்தான் வேண்டுமா என்று நினைத்தாள். புகார் அப்படியே அமுங்கிப்போனது. வணிகப் பிரிவிலிருந்து அந்த வக்கீலிடம் அதன்பிறகு யாரும் போகவில்லை.

எட்னாவுக்கு ரயில்வே சரக்கு அலுவலகத்தில் வேலை பிடித்துக் கொடுத்தவள் ஹெஸ்டர்தான். அங்கிருந்த தலைமைக் குமாஸ்தா ஒரு விதவை, கண்டிப்பானவள். ஆனால் கிறிஸ்துமஸ் விழாவில் லிண்ட்க்விஸ்ட் பாராட்டியதென்னவோ வழிகாட்டி அறையைத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். ஹெஸ்டரும் தட்டினாள், கையுறையைக் கழற்றாமல்.

விழா முடிந்ததும் எட்னா ஒரு கேக்கோடு வந்தாள். அதை மேசையில் வைத்துவிட்டு நேரே மிஸ் ஏம்ஸிடம் போனாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள். பிறகுதான் தட்டில் ஒரு துண்டு கேக்கோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹெஸ்டரிடம் வந்து, வகுப்பில் நிற்பது போல விறைப்பாக நின்றாள். ஹெஸ்டருக்குப் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது.

"புது இடம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு, டீச்சர்."

"அங்கேயும் ஏதாவது சரியில்லைன்னா உடனே வந்து என்கிட்ட சொல்லு. நான் என்ன வேலையா இருந்தாலும் சரி."

எட்னா ஒருமுறை மிஸ் ஏம்ஸ் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் ஹெஸ்டருக்குப் புரிந்தது.

"இல்லேன்னா, அவங்ககிட்டயாவது சொல்லு."

"சரிங்க டீச்சர்," என்று எட்னா சட்டென்று நிமிர்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவு ஹெஸ்டருக்கு வலித்தது. வலித்தாலும், எட்னா நீட்டிய கேக் துண்டை வாங்கிக்கொண்டாள்.